ஆள் கணக்கு

10 ஆள் ஒரு சுவரை 6 நாளில் கட்டினால், 60 ஆள் அதே சுவரை எத்தனை நாளில் கட்டுவார்கள்? பள்ளிக்கூடத்தில் நம் எல்லோரையும் படுத்திய கணக்கு இது. ஒரே நாள் என்று எழுதினால் முழு மார்க். அறுபது பேரும் நிற்பதற்குச் சுவரடியில் இடம் இருக்கிறதா, கரணை எத்தனை, கலவை குழைக்கும் சித்தாள் ஒருத்திதானா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் வாத்தியார் வெளியே நிறுத்திவிடுவார். கணக்குப் புத்தகத்து ஆட்கள் ஒரு விசித்திரப் பிறவிகள். அவர்களுக்குப் பசி கிடையாது; ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வது கிடையாது; ஒருவன் வைத்த செங்கல்லை இன்னொருவன் எடுத்துவிடுவது என்பதும் கிடையாது.

கம்ப்யூட்டர்காரர்களும் இந்தக் கணக்கில் மயங்கியவர்கள்தாம். வேலை மெதுவாக நடக்கிறதா? நாலு பேரை விடு, எட்டுப் பேரை விடு என்பார்கள். 1967-இல் ஐ.பி.எம். கம்பெனியில் இருந்த ஜீன் ஆம்டால் என்பவர் இந்த ஆசைக்கு ஒரு கடிவாளம் போட்டார். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு ஒருவரே செய்து தீர வேண்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் ஒன்பது பங்கை ஆயிரம் பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்தாலும், மொத்த வேலை பத்து மடங்குக்கு மேல் வேகப்படாது. காகிதத்தில் போட்டுப் பார்த்தால் நாலாம் வகுப்புப் பையனுக்கும் புரிகிற விஷயம். ஆனாலும் ஆள் சேர்க்கும் ஆசை யாரை விட்டது!

இந்தப் பேச்சு எனக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். கதை எழுதுகிறவனிடமும் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்குள் இருப்பதுதான் அவன் சொத்து. கையெழுத்துப் பிரதிகளைப் படமாக எடுத்து வைத்தது சுமார் 40,000 பக்கம். தட்டெழுதிய ஃபைல்கள் கொஞ்சம். இவற்றைத் தவிர, ஊர் ஊராகப் போய்க் கிழவிகளையும் தச்சர்களையும் படகோட்டிகளையும் பேசவிட்டுப் பதிந்துகொண்டு வந்த ஒலிப்பதிவுகள் சில நூறு. பேசியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. நாவல் தொலைந்தால் அழுதுகொண்டே திரும்ப எழுதிவிடலாம். சில சமயம் இரண்டாம் தடவை எழுதியது தேவலை என்றுகூடத் தோன்றும். போனவர்களின் குரலை யாரிடம் போய்த் திரும்பக் கேட்பது?

இவற்றையெல்லாம் நகல் எடுத்து வைப்பதற்கு என் அக்கா பிள்ளை 2012-இல், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாளில், பைதான் மொழியில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தான். (பைதான் என்றால் மலைப்பாம்பு அல்ல. கைடோ வான் ரோசம் என்ற டச்சுக்காரர், தமக்குப் பிடித்த 'மான்ட்டி பைதான்' என்ற பி.பி.சி. ஹாஸ்ய நிகழ்ச்சியின் பெயரை 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் தாம் தொடங்கிய மொழிக்கு வைத்துவிட்டார்.) புரோகிராம் இரவு பத்து மணிக்கு எழுந்திருக்கும். ஒரு ஃபைலை எடுக்கும், முழுவதும் படிக்கும், அதற்கு ஒரு கைரேகை கணக்கிடும். ஃபைலில் ஓர் எழுத்து மாறினாலும் ரேகை மாறிவிடும். இந்த ரேகை, வீட்டிலுள்ள நகல் டிஸ்கில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் அங்கே எழுதும். 2019-இல் வெளிநாட்டில் ஒரு சர்வரில் கொஞ்சம் இடம் வாடகைக்கு எடுத்தபிறகு, அங்கேயும் ஒரு பிரதி அனுப்பும். பிறகு அடுத்த ஃபைல். ஒன்று முடிந்தால்தான் இன்னொன்று. யோக்கியமான வேலைக்காரன்.

சங்கடம் இரண்டு விதமாக வந்தது. சொத்து பெருகப் பெருக இரவு போதவில்லை. காலையில் நான் காபியோடு வந்து உட்கார்ந்தால் அது இன்னும் பாதியில் நிற்கும். இரண்டாவது, அது பழைய பைதான் 2-இல் எழுதியது. அந்தப் பதிப்புக்கு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு ஆதரவு நின்றுவிட்டது. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் அது இல்லவே இல்லை. ஆகவே பெங்களூரிலிருந்து நாலு நாள் லீவில் வந்த பிள்ளையாண்டானைப் பிடித்து உட்கார வைத்தேன். நானும் கொஞ்சம் பைதான் கற்றுக்கொண்டவன்தான். எழுதத் தெரியாவிட்டாலும் படிக்கத் தெரியும், அதைவிட முக்கியமாகக் கேள்வி கேட்கத் தெரியும்.

பழையதைப் புதியதாக மாற்றும் வேலை ஒரு நாளில் முடிந்தது. தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள்தான் கொஞ்சம் மக்கர் செய்தன. 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டு குறியாகப் பிரித்தும் வைக்கலாம் என்று யூனிகோடில் ஏற்பாடு. கண்ணுக்கு ஒரே பெயர், கம்ப்யூட்டருக்கு இரண்டு பெயர். அது தனி ராமாயணம், இங்கே வேண்டாம். உண்மையான விவாதம் இரண்டாம் நாள் தொடங்கியது: ஒரே ஆள் செய்த வேலைக்கு இனி எத்தனை ஆள், எந்த மாதிரி ஆள்?

"மாமா, யோசிக்கவே வேண்டாம். அசிங்க்-ஐஓ போட்டுடலாம்" என்றான் அவன்.

பெயரைத் தமிழில் எழுதினால் அசிங்கமாக வருகிறது, காரியம் அழகானதுதான். 2014-இல் பைதான் 3.4-இல் வந்தது. கல்யாணப் பந்தியில் கெட்டிக்காரப் பரிசாரகர் ஒருவர் இருப்பார், பார்த்திருப்பீர்கள். ஓர் இலைக்குச் சாதம் போட்டுவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே நிற்க மாட்டார். அடுத்த இலைக்கு ஓடுவார், அங்கிருந்து அதற்கடுத்த இலை. யார் கூப்பிடுகிறார்களோ அங்கே இருப்பார். ஒரே ஆள்தான், ஆனால் ஐம்பது இலை கவனிக்கப்படும். காத்திருக்கும் நேரத்தை வீணாக்காமல் இருப்பதுதான் இதன் ரகசியம். பிள்ளையாண்டானுடைய ஆபீசில் இந்த முறையில்தான் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான பேருக்குப் பதில் சொல்கிறார்களாம். எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

"சரிடா, டிஸ்கிலிருந்து ஃபைலைப் படிக்கிறபோது அவர் எப்படி ஓடுவார்?" என்று கேட்டேன்.

அவன் கொஞ்சம் தலையைச் சொறிந்தான். விஷயம் அங்கேதான் இருந்தது. வலைத்தொடர்பு வழியாக வரும் பதிலுக்குக் காத்திருக்கும்போது நம் பரிசாரகர் தாராளமாக ஓடலாம். சாதாரண ஃபைலைப் படிப்பது அப்படி அல்ல. ஒரு சாப்பாட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, 'நான் முடிக்கும்வரை நகரக் கூடாது' என்று சொல்வது மாதிரி. மற்ற நாற்பத்தொன்பது இலையும் காய வேண்டியதுதான். பைதானோடு வரும் அசிங்க்-ஐஓவில் டிஸ்க் ஃபைலுக்கென்று தனி வழி கிடையாது. அந்த வேலையைப் பின்கட்டில் ஒரு த்ரெட்டிடம் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றுதான் அதுவே சொல்கிறது. நம்முடைய புரோகிராமுக்கோ பாதி உயிர் டிஸ்கில்தான் இருக்கிறது. பின்கட்டில் த்ரெட்டை வைத்துக்கொண்டு முன்கட்டில் பரிசாரகரையும் வைத்துக்கொள்வதென்றால் இரண்டு சம்பளம்.

"அப்படின்னா தனித்தனி பிராசஸ்" என்று அடுத்த சீட்டை இறக்கினான். அவனுடைய சிநேகிதன் ஒருவன் அதில் பக்தனாம்.

இதற்குக் காரணம் பைதானில் வெகு நாளாக இருக்கும் ஒரு பூட்டு. 'கில்' என்று செல்லமாகச் சொல்வார்கள். ஒரு பைதான் புரோகிராமுக்குள் பத்து த்ரெட் இருந்தாலும், பைதான் வேலையை ஒரு நேரத்தில் ஒருவர்தான் செய்யலாம். சமையற்கட்டுச் சாவி ஒன்றே ஒன்று. யார் கையில் இருக்கிறதோ அவரே அடுப்பைத் தொடலாம். இந்தப் பூட்டைத் தப்புவதற்காகத் தனித்தனி வீடு எடுத்துத் தனித்தனிச் சமையற்கட்டு வைத்துவிடுகிறார்கள். அதுதான் பிராசஸ் முறை. நல்ல யோசனை. ஆனால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் சாமான் போக வேண்டுமானால் மூட்டை கட்டி அனுப்பி, அங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். பைதானில் இப்படி மூட்டை கட்டுவதற்கு வைத்திருக்கும் பெயர் 'பிக்கிள்'. ஊறுகாய் என்றே அர்த்தம். இருநூறு மெகாபைட் ஒலிப்பதிவை ஊறுகாய் போட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்பி, ரேகை பார்த்து வாங்கிக்கொள்வதா? இதில் இன்னொரு வம்பும் உண்டு. லினக்ஸில் புது வீட்டைப் பழைய வீட்டின் அச்சாக அப்படியே பிரதி எடுத்து உண்டாக்குவது வெகு காலமாக வழக்கம். உள்ளே த்ரெட்டுகள் நடமாடும்போது அப்படிப் பிரதி எடுத்தால், யாரோ போட்ட பூட்டு புது வீட்டிலும் பூட்டியபடியே நிற்கும். திறக்க வேண்டியவன் மட்டும் அங்கே இருக்க மாட்டான். பைதான் 3.12 இதற்கு எச்சரிக்கை கொடுக்க ஆரம்பித்தது. 2025 அக்டோபரில் வந்த 3.14-இல் அந்த வழக்கத்தையே மாற்றிவிட்டார்கள்.

இதெல்லாம் இருக்கட்டும், அந்தப் பூட்டு நம்மை எங்கே தடுக்கிறது என்று பார்த்தோமா? பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. டிஸ்கைப் படிக்கப் போகிற த்ரெட் சாவியைக் கீழே வைத்துவிட்டுத்தான் போகிறது. வலைத்தொடர்பில் காத்திருக்கும்போதும் அப்படியே. ஷா-256 என்ற ரேகைக் கணக்கு இருக்கிறதே, அதுவும் அடியில் சி மொழியில் நடப்பதால், 2,047 பைட்டுக்கு மேற்பட்ட துண்டைக் கொடுத்தால் சாவியை விட்டுவிட்டுத்தான் கணக்குப் போடுகிறது. ஆக, நம் புரோகிராமில் கனமான வேலைகள் எல்லாமே சாவி வேண்டாத வேலைகள். பூட்டு இருக்கிறது, ஆனால் நாம் போகிற வாசலில் இல்லை. இப்போது பூட்டே இல்லாத பைதானும் வந்திருக்கிறது. 2024-இல் 3.13-இல் பரீட்சார்த்தமாக வந்து, 3.14-இல் அதிகாரபூர்வமான ஆதரவு பெற்ற தனிப் பதிப்பு. பிள்ளையாண்டானுக்கு அதன்மேல் ஒரு கண். நான், என் கிழவிகளின் குரலை வைத்துப் பரீட்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எனவே த்ரெட். சரி, எத்தனை? அவன் எட்டு என்றான், நான் பதினாறு என்றேன். இந்த இடத்தில்தான் கணக்குப் புத்தகத்து ஆட்கள் என் ஞாபகத்துக்கு வந்தார்கள். முதலில் இந்தப் புரோகிராம் எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்ப்போம் என்று, பழைய புரோகிராமுக்கே ஒரு கடிகாரம் கட்டி ஓடவிட்டோம். அந்த ஒரு சாயங்காலம், நாங்கள் படித்த புத்தகங்களையெல்லாம்விட உபயோகமாக இருந்தது.

என் ஃபைல்கள் இருப்பது தட்டு சுற்றும் பழைய வகை டிஸ்க். நிமிஷத்துக்கு 7,200 சுற்று. அதாவது செகண்டுக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வருவதற்குச் சராசரி அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஊசி நகர்கிற நேரம் வேறு. ஒரு தாவலுக்குப் பத்து மில்லிசெகண்டுக்குப் பக்கம் போய்விடுகிறது. தாவாமல் வரிசையாகப் படித்தால் அந்த நேரத்தில் ஒரு மெகாபைட்டே படித்துவிடலாம். இதில் எட்டுப் பேர் எட்டு ஃபைலை ஒரே சமயத்தில் கேட்டால் என்ன ஆகும்? ஊசி எட்டு இடத்துக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டிருக்கும். எட்டுப் பேரும் சுறுசுறுப்பாக இருப்பதுபோல் தெரியும். டிஸ்க் உறுமுவது அடுத்த அறைக்குக் கேட்கும். வேலை மட்டும் ஒருவன் செய்ததைவிட மெதுவாக நடக்கும். ஆகவே இந்த டிஸ்கைப் படிப்பதற்கு ஒரே ஒரு ஆள் போதும், ஒருவன்தான் வேண்டும். அசையும் பாகம் இல்லாத புது வகை டிஸ்காக இருந்தால் பதில் வேறு. என் டிஸ்க் அது இல்லை.

வெளிநாட்டுச் சர்வரில் நேர்மாறு. 'இந்த ரேகை உன்னிடம் இருக்கிறதா?' என்று கேட்டு, 'இருக்கிறது' என்று பதில் வர எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய 200 மில்லிசெகண்ட். கண் சிமிட்டும் நேரம்தான். ஆனால் 40,000 தடவை கண் சிமிட்டினால் 8,000 செகண்ட். இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இரவின் பெரும் பகுதி எங்கே போயிற்று என்று தெரிந்துவிட்டது. வேலை செய்து அல்ல, வாசலில் நின்றே போயிருக்கிறது.

பிள்ளையாண்டானுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பார்த்தேளா மாமா! எட்டு த்ரெட் போட்டா ஆயிரம் செகண்ட். பதினேழு நிமிஷத்துல முடிஞ்சுடும்."

கணக்கு சரிதான். எனக்கு என்னவோ, சந்தையில் நாலணாச் சாமானுக்கு நாற்பது தடவை போய்வரும் வீட்டுக்காரரின் நினைவு வந்தது. வேகமாக ஓடக்கூடிய எட்டுப் பேரை அவருக்குத் துணைக்கு அனுப்புவதைவிட, ஒரு சீட்டில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தால் என்ன? "ஒரு தடவைக்கு நூறு ரேகையாகச் சேர்த்துக் கேட்க முடியாதா?" என்றேன். சர்வரில் பதில் சொல்லும் சின்னப் புரோகிராமும் அவன் எழுதியதுதான், முடியும். அப்போது கேள்வி 400. நேரம் 80 செகண்ட். ஒரே ஆள், த்ரெட் எதுவும் இல்லாமல்!

அவன் சற்று நேரம் பேசவில்லை. இரண்டு நாளாக ஆள் பிடிப்பதைப் பற்றி வாதாடிவிட்டு, பெரிய லாபம் ஆளே வேண்டாத இடத்தில் வந்தது அவனுக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்திருக்கும். ஒரே ஆளாக வேலை செய்வதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம். 'போர்க்' என்று ஒரு நகல் புரோகிராம், 2015-இல் 'அட்டிக்' என்பதிலிருந்து கிளை பிரிந்தது. அதுவும் பைதான்தான். எத்தனையோ பேர் தங்கள் சொத்தை ஒப்படைத்திருக்கும் அதன் 1-ஆம் வரிசைப் பதிப்புகள் ஒற்றை ஆளாகவேதான் ஓடுகின்றன.

அதற்காக த்ரெட்டை அடியோடு தள்ளிவிடவில்லை. புதிய ஃபைல்களை அனுப்ப வேண்டியிருக்கிறதே. ஒன்று வலைத்தொடர்பில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது அடுத்ததைப் படித்து ரேகை பார்த்து வைத்துக்கொண்டால் லாபம்தான். ஆகவே இப்படித் தீர்மானித்தோம்: படிப்பவன் ஒருவன், ரேகை பார்ப்பவர் இருவர், அனுப்புபவர் நால்வர், பேரேட்டில் எழுதுபவன் ஒருவன். ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சாமான் போவது நடுவில் வைத்த வரிசை வழியாகத்தான். அந்த வரிசைக்கும் நீளம் குறித்துவிட்டோம். குறிக்காவிட்டால் படிப்பவன் வேகமாகப் படித்துக் குவித்துக்கொண்டே போவான், அனுப்புபவர்கள் திணறுவார்கள், குவியல் மெமரியை நிரப்பிக் கம்ப்யூட்டரை மூச்சடைக்க வைக்கும். பைதானின் ஆயத்த த்ரெட் குழுவுக்கு 'மேப்' என்று ஒரு கட்டளை உண்டு. 40,000 வேலையைக் காட்டினால் அத்தனையையும் முதலிலேயே வாங்கி மடியில் கட்டிக்கொள்ளும். இத்தனைக்குமேல் ஒரே சமயத்தில் வாங்காதே என்று அதற்குச் சொல்ல 3.14-இல்தான் வழி வந்தது.

பேரேட்டுக்கு ஏன் ஒரே ஒருவன்? இதை எனக்கு விளக்கியது பிள்ளையாண்டான்தான், நன்றாக விளக்கினான். ஒரே பக்கத்தின் படம் என்னிடம் இரண்டு ஃபோல்டரில் இருக்கும். இரண்டு த்ரெட் அவற்றை ஒரே வேளையில் எடுத்து, 'இந்த ரேகை பேரேட்டில் உண்டா?' என்று கேட்கும். இரண்டுக்கும் 'இல்லை' என்ற பதில் கிடைக்கும். இரண்டும் ஒரே பெயரில் எழுதத் தொடங்கும். ஒருவன் எழுதியதன்மேல் இன்னொருவன் எழுதி, கடைசியில் இருப்பது இரண்டு பேர் எழுதியதும் அல்லாத ஒரு கந்தல். 'கில்' பூட்டு இதைக் காப்பாற்றாது. கேட்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே சாவி கை மாறிவிடும். இந்தத் தப்பு நூறு இரவில் ஓர் இரவுதான் நடக்கும்; அடுத்த நாள் பரிசோதித்தால் எல்லாம் சரியாக ஓடும். ஆகையால் கேட்பதும் எழுதுவதும் ஒரே கையில். எழுதுவதையும் நேராக எழுதாமல், தற்காலிகப் பெயரில் முழுவதும் எழுதி, டிஸ்கில் நிஜமாகவே இறங்கிவிட்டது என்று உறுதி செய்துகொண்டு, பிறகுதான் சொந்தப் பெயரைச் சூட்டுவது என்று வைத்தோம். நடுவில் மின்சாரம் போனாலும், ஒரு பெயர் இருக்கிறது என்றால் முழுப் பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகுதான் எனக்குப் பெரியதாகப் பட்ட விஷயம் வந்தது. த்ரெட் குழுவிடம் வேலை கொடுத்தால் ஒரு சீட்டுக் கொடுக்கும். சலவைக் கடைச் சீட்டு மாதிரி. அந்தச் சீட்டைத் திரும்ப நீட்டி, 'என் துணி எங்கே?' என்று கேட்டால்தான், 'ஸார், இஸ்திரியில் கருகிவிட்டது' என்று சொல்வார்கள். கேட்கவில்லையா? சொல்லவே மாட்டார்கள். வேலை நடுவில் தவறிப்போனாலும், அந்தத் தவறு சீட்டுக்குள்ளேயே மடங்கிக் கிடக்கும். புரோகிராம் 'முடிந்தது' என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடும். அசிங்க்-ஐஓ இந்த ஒரு விஷயத்தில் மேல் என்று பிள்ளையாண்டான் விடாமல் சொன்னான்: கேட்காமல் விட்ட தவறைக் கடைசியிலாவது முணுமுணுத்துவிட்டுப் போகுமாம். 3.11-இல் வந்த குழு முறையில், ஒருவன் தவறினால் மற்ற எல்லோரையும் நிறுத்திவிட்டு உரக்கக் கத்துமாம். வாஸ்தவம். ஆனால் நகல் எடுக்கும் வேலைக்கு அதுவும் பொருந்தாது. ஒரு படம் படிக்க முடியவில்லை என்பதற்காக மற்ற நாற்பதாயிரத்தையும் நிறுத்துவது நியாயமா? மற்றவை நடக்கட்டும், தவறியது இன்னது என்று காலையில் பெயர் சொல்லட்டும்.

சொல்லாமல் தவறுவது எவ்வளவு பொல்லாதது என்பதற்கு 2017 ஜனவரி 31 நல்ல சாட்சி. கிட்லாப் என்ற கம்பெனி, உலகெங்கும் உள்ள புரோகிராம்காரர்கள் தங்கள் வேலையை வைத்துக்கொள்ளும் இடம். அன்றிரவு அங்கே ஒரு பொறியாளர், இரண்டு சர்வர்களில் ஒன்றைத் துடைக்கப் போய், பிரதானச் சர்வரின் தகவலையே அழித்துவிட்டார். போகட்டும், நகல் இருக்கிறதே என்று தேடினார்கள். நகல் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, தகவல் தளமோ 9.6, பதிப்புப் பொருந்தாமல் நகல் எடுப்பது தவறிக்கொண்டே வந்திருக்கிறது. தவறியதாகத் தகவல் சொல்லும் கடிதங்களும் புறப்படத்தான் புறப்பட்டன. முறையான முத்திரை இல்லாததால் அவற்றைப் பெறும் இடத்தில் தள்ளிவிட்டார்கள். கடைசியில், வேறு காரியத்துக்காக யாரோ ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த ஒரு பிரதியினால் பிழைத்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் அவர்களே விவரமாக எழுதி வெளியிட்டார்கள் என்பதற்காக எனக்கு அவர்கள்மேல் மரியாதை.

இதைப் பேசிக்கொண்டே பழைய புரோகிராமை மறுபடி மேலிருந்து கீழே படித்தோம். நடுப் பக்கத்தில் இரண்டு வரி. ஃபைலைப் படிக்கும்போது என்ன தவறு நேர்ந்தாலும் 'பரவாயில்லை, மேலே போ' என்று பைதானில் சொல்கிற இரண்டு வரி. நான் படித்துவிட்டு அவனைப் பார்த்தேன்.

"அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு, மாமா" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அந்த இரண்டு வரியை எடுத்துவிட்டு, அனுப்பிய ஒவ்வொரு வேலைக்கும் சீட்டை நீட்டிப் பதில் வாங்கும்படி எழுதினான். எடுத்த ஃபைல் இத்தனை, சேர்ந்தது இத்தனை, தவறியது இத்தனை என்று மூன்று எண். முதல் எண் மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இல்லாவிட்டால் 'முடிந்தது' என்ற வார்த்தையே வரக் கூடாது. இதை எழுத அவனுக்குப் பிடித்த நேரம், த்ரெட்டுகளை எழுதப் பிடித்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கு.

நாலாம் நாள் இரவு பத்து மணிக்குப் புதிய புரோகிராமை, எதையும் விடாமல் எல்லா ஃபைலையும் முதலிலிருந்து படித்துப் பார்க்கும்படி ஓடவிட்டோம். பதினொன்றே முக்காலுக்கு முடிந்தது. எடுத்தது 41,206. சேர்ந்தது 41,203. தவறியது 3.

ஒன்று, தட்டெழுதும் புரோகிராம் தானே வைத்துத் தானே அழித்துக்கொள்ளும் தற்காலிக ஃபைல். கணக்கில் வரும்போது இருந்தது, எடுக்கப் போகும்போது இல்லை. மற்ற இரண்டும் ஒலிப்பதிவுகள். தவறு எண் 5: டிஸ்கிலேயே அந்த இடத்தைப் படிக்க முடியவில்லை. எப்போதிலிருந்து முடியவில்லை என்று பழைய புரோகிராமிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. வெளிநாட்டுச் சர்வரில் இரண்டுமே இல்லை. 2019-க்கு முன்பே படிக்க முடியாமல் போயிருக்க வேண்டும். வீட்டு நகல் டிஸ்கில் தேடினோம். ஒரு கிழவி தாலாட்டைப் பற்றிப் பேசியது முழுதாக இருந்தது. பழைய பேரேட்டு ரேகையோடு ஒத்துப் பார்த்தோம். 64 எழுத்தும் பொருந்தின. மற்றது ஒரு தச்சர், கட்டுமரத்துக்கு மரம் தேர்ந்தெடுப்பதைப் பற்றி 47 நிமிஷம் பேசியது. அதில் 31 நிமிஷம்தான் நகலில் இருக்கிறது. ஒரு வாக்கியத்தின் நடுவில் நிற்கிறது.

அதை முதலில் பதிந்த பழைய ஃபோனை நான் அக்காவிடம் கொடுத்திருந்தேன். அவள் அதைத் தூக்கி எறிந்திருக்க மாட்டாள், எதையும் எறிய மாட்டாள், பரணில் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால் கிடக்கும் என்கிறான் பிள்ளையாண்டான். சார்ஜர் கிடைக்குமா என்பது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டுப் பார்க்கப் போகிறோம்.